ட்ரெய்னருக்கு அடுத்து ஸ்பிட்ஃபயரா? கொஞ்சம் பொறு தம்பி!

"ணா, இந்த பிளேன் போர் அடிக்குது. அடுத்து ஸ்பிட்ஃபயர் வாங்கிடலாமா?"

பேசின் பிரிட்ஜில் எங்கள் பக்கத்து வீட்டுத் தம்பி கேட்ட கேள்வி இது. நடிகர் அஜித்தின் ஏரோமாடலிங் வீடியோக்களைப் பார்த்து வந்த ஆசை. ஒரு வருடமாக ரிமோட் ட்ரெய்னர் விமானம் ஓட்டுகிறான். இப்போது கையில் இருப்பது, அவன் அப்பா ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த பணம். அதனால் சட்டென்று 'சரி' சொல்ல மனம் வரவில்லை. இதே ஆசையில் நான் வாங்கிய போர் விமான மாடல், முதல் நாளே இறங்கும்போது கவிழ்ந்து இரண்டு துண்டானது. தப்பு விமானத்தின் மீது இல்லை, என் அவசரம்தான்.

ட்ரெய்னர் ஏன் சுலபம்?

அதன் இறக்கை உடலுக்கு மேலே இருக்கும். நுனிகள் லேசாக மேல்நோக்கி இருக்கும். சாய்ந்தாலும், ஸ்டிக்கை விட்டால் தானாக நேராகிவிடும். நம் தவறுகளில் பாதியை விமானமே திருத்திக்கொள்ளும்.

ஸ்பிட்ஃபயர் அப்படியல்ல. நுனி குறுகிய இறக்கை, பெரும்பாலும் அதிக எடை. வேகம் குறைந்தால் ஒரு பக்க இறக்கை திடீரென்று சரியும். தரையிறங்கும்போது இது நடந்தால், சமாளிக்க உயரம் இருக்காது. சக்கரங்களும் நெருக்கமாக இருப்பதால் தரையில் எளிதில் கவிழும்.

அப்போ எதை வாங்கலாம்?

* இறக்கை நடுவிலோ கீழேயோ உள்ள 'ஸ்போர்ட்' மாடல். சாய்த்தால் சாய்ந்தபடியே போகும். நேராக்க வேண்டியது நீங்கள்தான். ஆனால், மெதுவாக இறங்கும். லூப், ரோலும் பழகலாம்.
* எடையை இறக்கைப் பரப்பால் வகுத்துப் பாருங்கள். 120 செ.மீ நீளம், 20 செ.மீ அகல இறக்கை என்றால் 24 சதுர டெசிமீட்டர். எடை 960 கிராம் என்றால், சதுர டெசிமீட்டருக்கு 40 கிராம். புதியதில் இந்த எண் உங்கள் ட்ரெய்னரைவிட ரொம்ப எகிறினால், வேகமாகத்தான் இறங்கும்.
* பழைய பேட்டரி, சார்ஜர், ரிமோட் பொருந்தினால் செலவு மிச்சம். ஃபோம் உடல் என்றால், உடைந்தாலும் ஒட்டிக்கொள்ளலாம்.

எங்கே ஓட்டுவது?

பேசின் பிரிட்ஜில் வேண்டவே வேண்டாம். ரயில் பாதைக்கு மேலே போவது 25,000 வோல்ட் மின்கம்பி. மாடல் அங்கே விழுந்தால், எடுக்கப் போகாதீர்கள். ஊருக்கு வெளியே, ஆளில்லாத திறந்தவெளிதான் சரி. அந்த இடம் சிவப்பு மண்டலமா, மஞ்சளா, பச்சையா என்று அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பார்த்துவிடுங்கள். 'ட்ரோன் விதிகள் 2021'-ன்படி, பொழுதுபோக்கு மாடலைக் கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள்தான் ஓட்ட வேண்டும். கடற்காற்று கிளம்புவதற்கு முன், காலையிலேயே பறக்கவிடுவது நல்லது.

தம்பிக்கு ஒரு டெஸ்ட் வைத்திருக்கிறேன். விமானம் நம்மை நோக்கி வரும்போது இடது, வலது மாறித் தெரியும். அப்படி வரும் ட்ரெய்னரை, நான் கோடு போட்ட இடத்தில் தொடர்ந்து பத்து முறை இறக்க வேண்டும்.

போன ஞாயிறு ஆறு முறை இறக்கினான். "ஸ்பிட்ஃபயர் எங்கயும் பறந்து போயிடாதுணா" என்று அவனே சொல்லிவிட்டான். அடுத்த ஞாயிறு மறுபடியும் போகிறோம்.