விமானம் ஏறும் முன்பே வேண்டிய பணம்

வெளிநாட்டில் படிக்க இடம் கிடைத்திருக்கிறது என்று ஒரு பிள்ளை வந்து சொன்னால், நம் காலனிப் பெரியவர்கள் முதலில் கேட்பது இதைத்தான்: "அங்க சோத்துக்கு என்ன கண்ணு பண்ணுவ?" பலர் சிரிக்கலாம். ஆனால், கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

நார்வேயின் தலைநகர் ஓஸ்லோவை எடுத்துக்கொள்வோம். அந்நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டவருக்கும் கல்விக் கட்டணம் கிடையாது என்ற நிலை 2023 வரை இருந்தது. அந்த ஆண்டு முதல் ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து வருபவர்கள் கட்டணம் செலுத்த வேண்டும். அது போக, வாழ்க்கைச் செலவுக்கு 1,66,859 குரோனர் இருப்பதாகக் காட்டினால்தான் 2025-26 கல்வியாண்டுக்கு மாணவர் அனுமதி. ஒரு குரோனர் 8 ரூபாய் என்று வைத்தாலும் 13 லட்சத்தைத் தாண்டுகிறது. இது சொகுசுக் கணக்கல்ல. மதியத்துக்கு ரொட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போவது அந்த ஊர்க்காரர்களுக்கே வழக்கம். நம்மூர் தூக்குப்போசி மாதிரிதான்.

உதவி இல்லாமல் இல்லை. மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகையில் கட்டணம், விமானச் செலவு போக, பராமரிப்புக்கு ஆண்டுக்கு 15,400 டாலர் உண்டு. தமிழக ஆதிதிராவிடர் நலத்துறையின் திட்டம் ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை தருகிறது. தாளில் பார்த்தால் கணக்கு சரியாகவே வருகிறது.

சிக்கல் தொகையில் இல்லை, அது வந்து சேரும் நாளில் இருக்கிறது. ஓஸ்லோவில் அறை பிடிக்க மூன்று மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது வழக்கம். ஆறு மாதம் வரை வாங்கச் சட்டமே இடம் தருகிறது. அதோடு முதல் மாத வாடகை, குளிர் உடுப்பு, போர்வை. வங்கிக் கணக்கு தொடங்கவே வாரங்கள் ஓடிவிடும். தோட்டம் உள்ள குடும்பம் பட்டாவை அடமானம் வைக்கும், பங்காளிகளிடம் புரட்டும். சூளைக்கும் தோட்டத்துக்கும் கூலிக்குப் போகிறவர்கள் எதை வைப்பார்கள்? கந்துவட்டிதான் மிச்சம். சாதி தன் வேலையை ஓஸ்லோவில் காட்டுவதற்கு முன்பே பவானியில் காட்டிவிடுகிறது.

உதவித்தொகை ஆணை கையில் இருந்தால், அதையே பண ஆதாரமாக நார்வே ஏற்கிறது. அந்த ஆணையும் நேரத்துக்கு வர வேண்டுமே. 2025 ஜூலையில் மத்திய உதவித்தொகைக்கு 106 பேர் தேர்வானார்கள். முதலில் தற்காலிக ஆணை பெற்றவர்கள் 40 பேர் மட்டுமே. மற்றவர்களுக்கு நிதி இருப்பைப் பொறுத்து என்றார்கள். ஆகஸ்டில் வகுப்பு தொடங்கும் நாட்டுக்குப் போக வேண்டிய பிள்ளை ஜூலையில் என்ன செய்யும்?

இது புதிய கதையல்ல. பரோடா மன்னரின் உதவித்தொகையில் 1913இல் அமெரிக்கா சென்ற அம்பேத்கர், பின்பு லண்டனில் சேர்ந்தார். உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917இல் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார். பம்பாயில் ஆசிரியராகச் சேர்த்த பணத்தோடும், கோலாப்பூர் சாகு மகாராஜா, நண்பர் ஒருவர் ஆகியோரின் உதவியோடும் 1920இல்தான் மீண்டும் போக முடிந்தது. அண்ணலுக்கே மூன்று ஆண்டுகள் போயின.

அரசு செய்ய வேண்டியவை இரண்டு. தேர்வு ஆணையை மே மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். முன்பணத்துக்கும் முதல் இரண்டு மாதச் செலவுக்குமான தொகையைப் புறப்படும் முன்பே மாணவர் கணக்கில் போட வேண்டும். அதே உதவித்தொகையிலிருந்து முன்கூட்டிக் கொடுப்பதுதான். கூடுதல் செலவு இல்லை.

மாணவர்களே, இடம் கிடைத்த பிறகு அலையாதீர்கள். விண்ணப்பிக்கும்போதே அந்த ஊரின் வாடகை, முன்பணம், அனுமதிக்கான தொகை மூன்றையும் எழுதி வையுங்கள். சாதி, வருமானச் சான்றுகளை இப்போதே வாங்கிவிடுங்கள். பெரியவர்கள் கேட்கும் கேள்விக்கு எண்ணிக்கையோடு பதில் சொல்லுங்கள். அதே எண்ணிக்கையை எழுதி, ஈரோடு ஆட்சியரிடம் திங்கள்கிழமை மனுவாகவும் கொடுங்கள்.