கம்பம் பள்ளத்தாக்கின் மேய்ச்சல் உரிமை

கம்பம் பள்ளத்தாக்கின் மாடுகளுக்குப் பண்டு மேய்ச்சலிடங்கள் இரண்டு இருந்தன. ஊரையடுத்த மந்தைவெளியும் மேய்ச்சல் புறம்போக்கும் ஒன்று. அடிவாரத்துக்கு மேலுள்ள காடு மற்றொன்று. 1895-ல் பெரியாற்று நீர் வந்தது முதல் பள்ளத்தாக்கில் தரிசு சுருங்கலாயிற்று. 14,707 ஏக்கர் இருபோக நெல்வயலும், அதைச் சூழ்ந்து வாழை, தென்னை, திராட்சைத் தோட்டங்களும் உள்ள நாட்டில் மாட்டை அவிழ்த்துவிட இடமேது? ஆகவே மலைமாடு வைத்திருப்போர் மந்தைகளை மேலே ஓட்டினர். வன இலாகாவும் கட்டணம் பெற்று அதற்குச் சீட்டு வழங்கி வந்தது.

2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் ஏற்பட்டது. மேகமலையில் மாடு மேய்ப்பது பற்றி எழுந்த வழக்கில் சென்னை ஐகோர்ட்டு 2022 மார்ச்சு 4-ந் தேதி தமிழ்நாட்டுக் காடுகள் அனைத்திலும் மேய்ச்சலைத் தடுத்தது. அதே மாதம் 17-ந் தேதி அவ்வுத்தரவு திருத்தப்பட்டுத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் இவற்றோடு நின்றது. பிற ஜில்லாக்களுக்கு அஃது ஆறுதலாயிற்று. மேகமலையடிவாரத்துக் குடிகளுக்கோ அதனால் பயன் சிறிதே. அவர்தம் மேய்ச்சற்காடே காப்பகமாயிருக்கின்றது.

காட்டைக் காப்பதில் நியாயம் உண்டு. வைகைக்கு அம்மலைகளே ஊற்று. மாட்டின் கோமாரி காட்டெருமைக்குத் தொற்றும்; மந்தை மிகுந்தால் மானுக்குப் புல் இராது. இவற்றைப் பொய்யென்பார் அறியாதார். ஆயினும் 2006-ம் வருஷத்து வன உரிமைச் சட்டம், நிலைத்த மேய்ச்சலையும் பருவந்தோறும் இடம் பெயரும் மேய்ச்சலையும் சமூக உரிமையாக ஒப்புக்கொள்கின்றது. புலிகள் காப்பகத்துக்கும் அச்சட்டம் உண்டு. உரிமை இன்னார்க்கு, இன்ன எல்லைக்குள், இத்தனை மாட்டுக்கு என்று முதலில் தீர்மானித்து, வனவிலங்கின் நலம் கருதிக் குறைக்க வேண்டியதைப் பின்னர்க் குறைப்பதே முறை. உரிமையை விசாரிக்குமுன் காட்டை அடைப்பது முறைதவறிய காரியமாகும்.

நிற்க, மலையை அடைத்தால் மந்தை கீழேயன்றோ இறங்கவேண்டும்? கீழே புறம்போக்கின் நிலை யாவரும் அறிந்ததே. கொஞ்சம் வேலிக்குள் போயிற்று. கொஞ்சம் வகை மாற்றப்பட்டு மனையும் கட்டடமும் ஆயிற்று. கிராமப் பொதுநில ஆக்கிரமிப்புகளை அகற்றும்படி 2011 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு மாகாணங்கள் அனைத்துக்கும் கட்டளையிட்டது. அக்கட்டளை இருக்கவே, காட்டுத் தடைக்குக் காட்டும் விரைவு மந்தைவெளியை மீட்பதற்கு ஏன் காணப்படவில்லை என்பது கேட்கத்தக்க கேள்வி. மாட்டுப் பொங்கலன்று கம்பம் நந்தகோபாலன் தொழுவில் தம்பிரான் மாட்டைக் கும்பிடுவோர் பலர். மறுநாள் மாடுகள் எங்கே மேயும் என்று நினைப்போர் சிலரே.

மலைமாடு குறைந்தால் நட்டம் மாட்டுக்காரரோடு நிற்பதன்று. தோட்டக்காரர்க்கு எருவும் கிடையும் குறையும். மலையேறப் பழகிய மாட்டினமும் போய்விடும். போன இனத்தை எந்தச் சந்தையிலும் வாங்கவியலாது.

மேய்ச்சற்காரர் பலர் பழங்குடியினர் அல்லர். ஆகையால் 2005 டிசம்பர் 13-ந் தேதிக்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, காட்டை அண்டிப் பிழைத்ததைச் சட்டப்படி மெய்ப்பிக்க வேண்டியவராகின்றனர். இது கடினமே, எனினும் முதியோர் வாக்குமூலத்தை எழுதிக் கொடுக்கலாம் என்று விதி இடந்தருகின்றது. பாட்டனார் வாங்கிய மேய்ச்சற் சீட்டு எவர் பெட்டியிலேனும் கிடந்தால், கரையான் அரிக்குமுன் அதனை எடுத்துக் கிராம சபையின் முன் வைத்தல் வேண்டும்.