தெர்மல் ஸ்கோப்பில் தூரம் தெரியுமா?

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் பன்றிக் கூட்டங்கள் இரவோடு இரவாக வயலைக் கிளறிப் பாழாக்குகின்றன. நிலத்துக்காரர் சம்மதித்தால் தனியார் நிலத்தில் அவற்றை இரவிலும் சுடலாம். அதற்காகத் துப்பாக்கியில் தெர்மல் ஸ்கோப் பொருத்துகிறார்கள். லேசர் தூரமானி சேர்ந்தே வரும் ஸ்கோப்புக்கு விலை கூடுதல். அந்தக் கூடுதல் பணம் யாருக்குப் பயன்படும்?

தெர்மல் ஸ்கோப்புக்கு வெளிச்சம் தேவையில்லை. எல்லாப் பொருள்களும் தம் வெப்பத்துக்கேற்ப அகச்சிவப்புக் கதிர்களை வெளிவிடுகின்றன. அவற்றில் சுமார் 8 முதல் 14 மைக்ரோமீட்டர் வரையிலான அலைநீளங்களை ஸ்கோப் படமாக்குகிறது. சாதாரணக் கண்ணாடி இந்தக் கதிர்களை உள்ளே விடாது. ஆகவே லென்ஸை ஜெர்மானியத்தில் செய்கிறார்கள். உள்ளே இருக்கும் சென்சாரில் 640க்கு 512 அல்லது 384க்கு 288 என்று பிக்சல்கள், அதாவது படத்தின் நுண்புள்ளிகள், வரிசையாக இருக்கும்.

விளம்பரங்களில் பெரிதாகப் போடும் ‘கண்டறியும் தூரம்’ பலரைக் குழப்புகிறது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 12 மைக்ரோமீட்டர் பிக்சலும் 50 மி.மீ. குவியத்தூர லென்ஸும் இருந்தால், 100 மீட்டர் தொலைவில் ஒரு பிக்சலுக்குள் 2.4 செ.மீ. அடங்கும். 1,000 மீட்டரில் 24 செ.மீ. அடங்கும். ஒரு மீட்டர் நீளமுள்ள பன்றி அங்கே நான்கு பிக்சல்தான். ஏதோ ஓர் உயிர் நிற்பது தெரியும். பன்றியா, கன்றுக்குட்டியா, பக்கத்துப் பண்ணை நாயா என்பது தெரியாது. 200 மீட்டரில் அதே உடலுக்கு இருபது பிக்சல் கிடைக்கும். முதுகின் வளைவும் முகத்தின் நீளமும் அப்போதுதான் பிடிபடத் தொடங்கும்.

அடையாளம் தெரிந்த பிறகும் தூரம் தெரியாது. தெர்மல் படம் தட்டையானது. அருகில் மேயும் குட்டியும் தள்ளி நிற்கும் தாயும் ஒரே அளவில் தெரியலாம். 100 மீட்டருக்குக் குறி சரிசெய்த .308 ரகத் துப்பாக்கியின் குண்டு, 300 மீட்டரில் 40 செ.மீ.க்கு மேல் தாழ்ந்துவிடும். தூரத்தைத் தவறாகக் கணித்தால் விலங்கு காயத்தோடு இருட்டில் ஓடி, வதைபட்டுச் சாகும்.

தூரமானி ஒரு லேசர் துடிப்பை அனுப்பி, அது பட்டுத் திரும்பும் நேரத்தை அளக்கிறது. 150 மீட்டர் போய்த் திரும்ப, நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நேரம் போதும். இதில் ஒரு நுட்பம் உண்டு. பல தூரமானிகளின் லேசர் 905 நானோமீட்டர் அலைநீளத்தில் இயங்குகிறது. தெர்மல் சென்சாருக்கு அது புலப்படாது. லேசர் எங்கே படுகிறது என்பதற்குத் திரையிலுள்ள குறி ஒன்றே சாட்சி. அந்தக் குறி சற்று விலகியிருந்தாலும், நடுவில் உயரமான புல் இருந்தாலும், திரையில் வரும் எண் பன்றியின் தூரமாக இருக்காது. எனவே வாங்கியதும், குண்டு ஏற்றாத துப்பாக்கியில் வைத்து, தூரம் அளந்து நட்ட ஒரு கம்பத்தைக் குறிபார்த்துச் சோதிக்க வேண்டும். குறியை இடமும் வலமும் நகர்த்தி, எண் எங்கே மாறுகிறது என்று பார்த்தால் விலகல் தெரிந்துவிடும்.

மூடுபனியில் படமும் மங்கும், லேசரும் தடுமாறும். அதற்கு எந்த விலையிலும் முழுத் தீர்வு கிடையாது.

100, 150 மீட்டருக்குள் மட்டும் சுடுபவர் தூரமானிக்கான பணத்தை நல்ல சென்சாரிலும் லென்ஸிலும் போடுவதே மேல். அதற்கு அப்பால் சுடுபவருக்குத் தூரமானி அவசியம். ஆனால் என்ன விலங்கு என்று காட்டாத ஸ்கோப்பில் தூரமானி இருந்தும் பயனில்லை.