லபூபு முதல் முத்து காமிக்ஸ் வரை: இன்றைய பொம்மை நாளைக்குப் பொக்கிஷம் ஆகுமா?

2025 ஜூன் மாதம் பெய்ஜிங்கில் நடந்த ஓர் ஏலத்தில், 131 செ.மீ. உயரமுள்ள ஒரு லபூபு பொம்மை 10 லட்சத்து 80 ஆயிரம் யுவானுக்கு விலை போனது. நம்ம ஊர்க் கணக்கில் ஏறக்குறைய 1.3 கோடி ரூபாய். கூர்மையான பல்லைக் காட்டிச் சிரிக்கும் அந்தப் பொம்மையின் படத்தைப் பார்க்காத செல்போன் அப்போது குறைவு.

அதன் பிறகு பல வீடுகளில் ஒரு புதுப் பேச்சு ஆரம்பித்தது. “பெட்டியைப் பிரிக்காம வச்சிருந்தா பின்னால விலை போகுமோ?” லபூபு மட்டுமல்ல, போகிமான் கார்டு, ஹாட் வீல்ஸ் கார், பெட்டியோடு இருக்கும் சூப்பர் ஹீரோ பொம்மை என எல்லாவற்றுக்கும் இதே கேள்விதான். குழந்தைக்காக வாங்கியதை அலமாரியில் பூட்டி வைப்பதா, விளையாடக் கொடுப்பதா?

இதற்குப் பதில் தேட பெய்ஜிங் போக வேண்டியதில்லை. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்திலேயே அதற்கான பாடம் இருக்கிறது.

‘ஆன்டிக்’ என்றால் சட்டப்படி என்ன?

இந்தியாவில் இதற்குத் தனிச் சட்டமே உண்டு. 1972-ம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டப்படி, கலைப்பொருளோ கைவினைப் பொருளோ குறைந்தது 100 ஆண்டுகள் பழமையானதாக இருந்தால்தான் அது தொல்பொருள். கையெழுத்துச் சுவடிகளுக்கு மட்டும் 75 ஆண்டுகள். தொல்பொருள் வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். தனிநபர்கள் அதை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது.

அப்படிப் பார்த்தால், 2025-ல் தயாரான ஒரு பொம்மை 2125-ல்தான் ‘ஆன்டிக்’ என்ற பேச்சுக்கே வரும். வாங்கியவருக்கும் பலன் இல்லை, அவர் பிள்ளைக்கும் பலன் இல்லை. பேரன், பேத்தி காலத்துக் கதை அது.

இன்று சந்தையில் பேசப்படுவது ‘கலெக்டிபிள்’, அதாவது சேகரிப்புப் பொருள். இதற்கு வயது வரம்பு கிடையாது. எத்தனை பேர் அதைத் தேடுகிறார்கள், எத்தனை மிச்சம் இருக்கிறது என்ற இரண்டு விஷயங்கள்தான் விலையைத் தீர்மானிக்கின்றன. 100 வயதான எல்லாப் பொருளுக்கும் மதிப்பு வந்துவிடாது. 50 வயதான சில பொருள்களுக்கு வந்துவிடுகிறது.

சிவகாசியில் அச்சான உதாரணம்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சுமார் 20 கி.மீ. தூரத்தில் சிவகாசி. அங்கிருந்து 1972 ஜனவரியில் முத்து காமிக்ஸ் வெளிவரத் தொடங்கியது. தொடங்கியவர் எம். சௌந்தரபாண்டியன். முதல் இதழ் ‘இரும்புக்கை மாயாவி’. பிரிட்டனின் ‘வேலியன்ட்’ வார இதழில் 1962-ல் தொடங்கிய ‘தி ஸ்டீல் கிளா’ தொடரின் தமிழ் வடிவம் அது. அடுத்த தலைமுறையில் எஸ். விஜயன் 1984-ல் லயன் காமிக்ஸைத் தொடங்கினார்.

அந்தக் காலத்தில் இவை சில்லறைக் காசுக்குப் பெட்டிக்கடையில் கிடைத்தவை. ஒரு புத்தகம் தெரு முழுக்கச் சுற்றும். அட்டை கிழியும். பரீட்சை வந்தால் வீட்டில் பிடுங்கி வைப்பார்கள். கடைசியில் பழைய பேப்பர் கடைக்குப் போய் எடைக்கு விழும். தப்பியதையும் ராமபாணப் பூச்சியும் கரையானும் தின்றன.

இன்று அதே முதல் பதிப்பு நல்ல நிலையில் கிடைத்தால் தமிழ் காமிக்ஸ் சேகரிப்பாளர்கள் போட்டி போடுகிறார்கள். காரணம் எளிது. 1972-ல் 10 வயதில் மாயாவியைப் படித்த பையன், 40 வயதைத் தாண்டிக் கையில் காசு புழங்கும்போது அதைத் தேடினான். அவனைப் போலவே ஆயிரம் பேர் தேடினார்கள். புத்தகம்தான் இல்லை.

இன்னொன்றும் நடந்தது. அதே பதிப்பகம் பழைய கதைகளை நல்ல தாளில் மறுபதிப்பு செய்தது. கதை மட்டும் போதும் என்றவர்கள் அதை வாங்கித் திருப்தியானார்கள். பழைய தாளும் பழைய அச்சும்தான் வேண்டும் என்பவர்கள் மட்டும் மூல இதழுக்குப் பின்னால் போனார்கள். ஆக, ஒரு சேகரிப்புப் பொருளின் சந்தை எப்போதும் அதன் ரசிகர் கூட்டத்தைவிடச் சின்னது.

தீப்பெட்டி அட்டைக்கு ஏன் அவ்வளவு மவுசு இல்லை?

இதே சிவகாசியில் 1923 வாக்கில் தீப்பெட்டித் தொழில் வேரூன்றியது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுவந்து தொடங்கியது அது. அந்தத் தீப்பெட்டிகளின் அட்டைப் படங்களைச் சேர்த்து விளையாடாத பிள்ளைகள் இந்த வட்டாரத்தில் ஒரு காலத்தில் இல்லை. உலகம் முழுக்கத் தீப்பெட்டி லேபிள் சேகரிப்பவர்களும் இருக்கிறார்கள்.

வயதைப் பார்த்தால், தொடக்க கால லேபிள்கள் 100 ஆண்டைத் தொட்டுவிட்டன. ஆனாலும் பழைய லேபிள் என்றாலே பணம் கொட்டுவதில்லை. ஓடுகிற பிராண்டின் லேபிள் கட்டுக்கட்டாக அச்சாகும். கொஞ்ச நாள் வந்து நின்றுபோன பிராண்டின் லேபிள்தான் அரிது. வயது முக்கியம்தான், ஆனா அதைவிட எண்ணிக்கை முக்கியம்.

கோடிக்குப் போன காமிக்ஸும் மூட்டையில் கிடக்கும் பொம்மையும்

உலக அளவிலும் இதே கதைதான். சூப்பர்மேன் முதன்முதலில் வந்த ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழ் 1938-ல் 10 சென்ட். 2024-ல் அதன் ஒரு பிரதி 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. சுமார் 2 லட்சம் பிரதிகள் அச்சானதில் இன்று மிஞ்சியவை 100 அளவில்தான் இருக்கும் என்பது ஏலத் துறையின் மதிப்பீடு. மற்றவை படித்துக் கிழிந்து, தூக்கி எறியப்பட்டுவிட்டன.

இதற்கு நேர் எதிர் ‘பீனி பேபீஸ்’. அமெரிக்காவின் டை நிறுவனம் 1993-ல் அறிமுகப்படுத்திய, சுமார் 5 டாலர் விலையுள்ள சின்னத் துணிப் பொம்மைகள். சில வடிவங்களை நிறுவனமே திடீரென நிறுத்திவிடும். ‘இனி கிடைக்காது’ என்ற பயத்தில் ஜனங்கள் மூட்டை மூட்டையாக வாங்கினார்கள். பிள்ளைகளின் கல்லூரிச் செலவுக்கு இதுதான் சேமிப்பு என்று நம்பிய பெற்றோரும் உண்டு. 1999-ல் லாஸ் வேகாஸில் விவாகரத்து பெற்ற ஒரு தம்பதி, நீதிமன்றத் தரையில் உட்கார்ந்து பொம்மைகளை ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்ட புகைப்படம் உலகப் புகழ் பெற்றது. அதற்குப் பிறகு விலை படுத்துவிட்டது. இன்று பெரும்பாலானவை சில டாலருக்குத்தான் போகின்றன.

இரண்டுக்கும் வித்தியாசம் என்ன? சூப்பர்மேன் இதழை யாரும் பத்திரப்படுத்தவில்லை, அதனால் அரிதானது. பீனி பேபீஸை எல்லாரும் பத்திரப்படுத்தினார்கள், அதனால் அரிதாகவே இல்லை. ‘ஸ்டார் வார்ஸ்’ பொம்மைகளிலும் இதையே பார்க்கலாம். 1970-களின் கடைசியில் பிள்ளைகள் விளையாடித் தீர்த்த பொம்மைகளுக்கு இன்று நல்ல விலை. ‘பின்னால் விலை போகும்’ என்று 1999-ல் பெட்டி பிரிக்காமல் பதுக்கியவைக்கு அந்த மவுசு இல்லை. 2024-ல் 5 லட்சத்து 25 ஆயிரம் டாலருக்குப் போன போபா ஃபெட் பொம்மை, கடைக்கே வராத ஒரு சோதனை மாதிரி. அதிலிருந்து பாயும் ராக்கெட் குழந்தைகளுக்கு ஆபத்து என்று தயாரிப்பைக் கைவிட்டதால் மிஞ்சியவை சொற்பம்.

அப்போ லபூபு எந்தப் பக்கம்?

ஹாங்காங்கில் பிறந்து நெதர்லாந்தில் வளர்ந்த ஓவியர் காசிங் லங் 2015-ல் உருவாக்கிய பாத்திரம் லபூபு. 2019 முதல் சீனாவின் பாப் மார்ட் நிறுவனம் இதைத் தயாரிக்கிறது. உள்ளே எது இருக்கிறது என்று தெரியாமல் வாங்கும் ‘பிளைண்ட் பாக்ஸ்’ முறைதான் இதன் பலம். சில வரிசைகளில் ‘சீக்ரெட்’ பொம்மை 72 பெட்டிக்கு ஒன்று என்ற கணக்கில்தான் வரும். 2024-ல் ‘பிளாக்பிங்க்’ பாடகி லிசா இதைக் காட்டியதும் உலகம் முழுக்கப் பரபரப்பு.

சாதகமான விஷயம், இதை வாங்குவதில் பெரியவர்களே அதிகம். பாதகமான விஷயம், பீனி பேபீஸின் எல்லா லட்சணமும் இதில் இருக்கிறது. நிறுவனம் இன்னும் தயாரித்துக்கொண்டே இருக்கிறது. வாங்கியவர்கள் பலரும் பெட்டியோடு பத்திரப்படுத்துகிறார்கள். 2025-லேயே பாப் மார்ட் சரக்கை அதிகமாக இறக்கியதும் சீனாவில் மறுவிற்பனை விலை சரிந்தது. 1.3 கோடிக்குப் போனது மனித உயரத்துப் பொம்மை. பையில் தொங்கும் சாவிக்கொத்துப் பொம்மை அல்ல.

சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பது பெரும்பாலும் போலி. ‘லஃபூஃபூ’ என்றே இதற்குப் பட்டப்பெயர் வந்துவிட்டது. மறுவிற்பனை மதிப்பு கிடையாது என்பது ஒரு பக்கம். பாகங்கள் கழன்று குழந்தைகளின் தொண்டையில் சிக்கும் அபாயம் உள்ளதாக, அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 2025 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது. இந்தியாவில் 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு பி.ஐ.எஸ். தர முத்திரை கட்டாயம். திருவிழாக் கடையோ, ஆன்லைன் கடையோ, வாங்குமுன் அதைப் பார்ப்பது நல்லது.

90-ஸ் கிட்ஸ் பொக்கிஷங்கள்

சிப்ஸ் பாக்கெட்டில் வந்த டாசோ, மல்யுத்த டிரம்ப் கார்டு, பபிள்கம் ஸ்டிக்கர் இவையெல்லாம் நினைவுகளைக் கிளறும். ஆனால் வாங்க ஆள் இருந்தால்தான் விலை. முழு செட், மடங்காத ஓரம், கீறாத அட்டை என்றால் ஓரளவு கேட்பார்கள். கைப்பிடி அளவு உதிரிகளுக்கு நினைவுதான் மதிப்பு.

விதிவிலக்கு ஒன்று உண்டு. எம்.ஆர்.எஃப். குழுமத்தின் ஃபன்ஸ்கூல் நிறுவனம் 1987 முதல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்குகிறது. அது இந்தியாவில் தயாரித்த ‘ஜி.ஐ. ஜோ’ பொம்மைகளில் சில, அமெரிக்கத் தயாரிப்பில் இல்லாத வண்ணங்களில் வந்தன. அந்த வேறுபாட்டுக்காகவே வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இவற்றைத் தேடுகிறார்கள். தயாரித்தபோது யாரும் இதைத் திட்டமிடவில்லை.

பரணில் வைத்தால் பத்திரமா?

பிளாஸ்டிக் அழியாது என்பது பாதி உண்மைதான். மண்ணில் மட்காது, ஆனால் பொம்மையாக அப்படியே நிலைக்காது. பி.வி.சி. பொம்மையை மென்மையாக்கச் சேர்க்கும் ரசாயனம் நாளடைவில் கசிந்து மேற்பரப்பு பிசுபிசுக்கும். வெள்ளைப் பிளாஸ்டிக் வெளிச்சம் பட்டுப் பழுப்பேறும். ரப்பர் வெடிக்கும், ஸ்பான்ஜ் பொடியாக உதிரும். உள்ளே மறந்துவிட்ட பேட்டரி கசிந்தால் பொம்மையின் கதை முடிந்தது. இவற்றை வேகப்படுத்துவது வெப்பம். விருதுநகர் மாவட்டத்துக் கோடையில் கூரைக்கு அடியில் இருக்கும் பரண்தான் வீட்டிலேயே மோசமான இடம்.

கணக்கு என்ன சொல்கிறது?

1,500 ரூபாய்க்கு ஒரு பொம்மை வாங்கி 25 ஆண்டுகள் வைத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். அதே பணம் 7 சதவீதக் கூட்டு வட்டியில் ஏறக்குறைய 8,100 ரூபாயாகியிருக்கும். விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால், வெறும் முதலைக் காப்பாற்றவே சுமார் 5,100 ரூபாய்க்கு விற்க வேண்டும். ‘மூன்று மடங்கு விலை கிடைத்தது’ என்று சந்தோஷப்படுபவர் உண்மையில் நஷ்டத்தில்தான் இருக்கிறார்.

விற்பதற்கும் செலவு உண்டு. கார்டுகளுக்கு 1 முதல் 10 வரை தரமதிப்பீடு தரும் பி.எஸ்.ஏ. போன்ற நிறுவனங்கள் அமெரிக்காவில் இருக்கின்றன. அனுப்பும் செலவு, கட்டணம், விற்பனைத் தளத்தின் கமிஷன் எல்லாம் போகத்தான் கைக்கு வரும். பழம்பொருள் கடைகளுக்குப் பேர்போன காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் எனாமல் பாத்திரமும் மரச்சாமானும் விலை போகும்; சமீபத்திய பிளாஸ்டிக் பொம்மைக்கு அங்கே என்ன வேலை?

எதைத்தான் எடுத்து வைக்கலாம்?

* பெரிய ஆலையில் கோடிக்கணக்கில் தயாராவதைவிட, கையால் கொஞ்சமாகச் செய்யப்படுவதற்கு நீண்ட காலத்தில் வாய்ப்பு அதிகம். அம்பாசமுத்திரம் மரச் சொப்புச் சாமான், தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை போன்றவை உதாரணம். செய்யும் கைகள் குறையக் குறைய அவற்றின் அருமை கூடும்.
* புத்தகம், காமிக்ஸ் என்றால் முதல் பதிப்பு. ஈரமும் வெயிலும் படாத அலமாரியில், அவ்வப்போது திறந்து பார்க்கும்படி வைக்க வேண்டும்.
* பெட்டி, பில், வாங்கிய தேதி மூன்றும் சேர்ந்திருந்தால் பொருளின் நம்பகத்தன்மை கூடும்.
* பேட்டரியை முதலிலேயே கழற்றிவிட வேண்டும்.
* பிடித்ததை வாங்கலாம். விலை ஏறாவிட்டாலும் வருத்தம் வராத அளவுக்கு மட்டும்.

பிள்ளையின் படிப்புக்கோ கல்யாணத்துக்கோ சேமிக்க வேண்டுமென்றால் செல்வமகள் சேமிப்பு, பி.பி.எஃப். என்று அஞ்சலகத்திலேயே வழி இருக்கிறது. முத்து காமிக்ஸுக்கு இன்று மதிப்பு இருப்பதற்குக் காரணம், அன்றைய பிள்ளைகள் அதை ஆசை தீரப் படித்ததுதான். படிக்காமல் பூட்டி வைத்திருந்தால் பிற்காலத்தில் அதைத் தேட யாருமே இருந்திருக்க மாட்டார்கள். இன்றைய பொம்மைகளில் எது அப்படித் தேடப்படும் என்பதை முடிவு செய்யப் போகிறவர்கள், இப்போது அதை வைத்து விளையாடும் குழந்தைகள். அவர்கள் கைக்கே போகாத பொம்மைக்கு அந்த வாய்ப்பு குறைவு.