தொப்பூர் கணவாயில் ஒளியின் காவல்

தருமபுரிக்கும் சேலத்துக்கும் நடுவே இருக்கிறது தொப்பூர் கணவாய். வடக்கேயுள்ள காஷ்மீரத்தையும் தெற்கேயுள்ள கன்னியாகுமரியையும் இணைக்கும் 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலை இந்த வழியாகத்தான் போகிறது. இரவென்றும் பகலென்றும் இல்லாமல் லாரிகள் ஓடிக்கொண்டே இருக்கும். தருமபுரிப் பக்கமிருந்து வரும் வண்டிகளுக்கு இங்கே இறக்கம். வளைவுகளும் உண்டு.

இந்த இறக்கம் பல குடும்பங்களின் விளக்கை அணைத்துவிட்டது.

2020 டிசம்பர் 12 அன்று, சிமெண்டு மூட்டை ஏற்றி வந்த லாரி ஒன்று இங்கே தறிகெட்டு ஓடியது. முன்னால் நின்ற வண்டிகள் மீது மோதியது. 4 பேர் மாண்டனர். 2024 ஜனவரி 24 அன்று லாரிகளும் கார்களும் மோதித் தீப்பிடித்தன. அன்றும் 4 பேர் மாண்டனர். யாரோ ஒருவர் செய்த தவறுக்கு, வழியே போன அப்பாவிகள் பலியானார்கள்!

நியூட்ரல் என்னும் எமன்

இறக்கத்தில் விபத்து ஏன் நேருகிறது? டீசலை மிச்சப்படுத்தலாம் என்று சில டிரைவர்கள் கியரை 'நியூட்ரலில்' போட்டுவிடுகிறார்கள். வண்டி தானாக உருளும். ஆனால், என்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்தும் பலம் போய்விடும். முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழும். பிரேக்கை மிதித்து மிதித்து அது சூடேறும். சூடேறிய பிரேக் பிடிக்காது. பிறகு கடவுளே கதி!

வேகம் இரு மடங்கானால், பிரேக் பிடித்த பிறகு வண்டி நிற்கத் தேவையான தூரம் சுமார் நான்கு மடங்காகும். ஆகவே, வேகத்தை இறக்கத்தில் அடக்கப் பார்ப்பது அறிவீனம். இறக்கம் தொடங்கும் முன்பே அடக்க வேண்டும்.

அதற்கு உதவி செய்ய ஒரு விஞ்ஞானக் கருவி இருக்கிறது. அதுதான் லேசர்.

ஒளியே அளவுகோல்

லேசர் என்பது சிதறாமல் நேர்கோட்டில் பாயும் ஒளி. 1960-ல் அமெரிக்க விஞ்ஞானி தியோடர் மைமன் முதல் லேசரை ஒளிரச் செய்தார்.

ஒளி ஒரு விநாடியில் சுமார் 3 லட்சம் கிலோ மீட்டர் போகும். ஒரு பொருள் மீது ஒளியைப் பாய்ச்சினால், அது பட்டுத் திரும்பி வரும். போய் வந்த நேரத்தைக் கணக்கிட்டால் தூரம் தெரிந்துவிடும். 150 மீட்டர் தொலைவிலுள்ள லாரியைத் தொட்டுத் திரும்ப, ஒரு விநாடியில் 10 லட்சத்தில் ஒரு பங்கு நேரமே போதும்!

தூரம் தெரிந்தால் வேகமும் தெரியும். லாரி முதலில் 150 மீட்டரில் இருந்தது. அரை விநாடி கழித்து 140 மீட்டரில் இருக்கிறது. அப்படியானால், அரை விநாடியில் 10 மீட்டர் ஓடியிருக்கிறது. மணிக்கு 72 கிலோ மீட்டர் வேகம்! துப்பாக்கி போலக் கையில் பிடிக்கும் வேகமானி இந்தக் கணக்கைத்தான் கண் இமைக்கும் நேரத்தில் போடுகிறது.

நிலவிலிருந்து உள்ளங்கைக்கு

2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கியது நினைவிருக்கும். விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேல் அதன் திட்ட இயக்குநர். இறங்கு கலம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளந்து சொன்ன கருவிகளில் ஒன்று லேசர் உயரமானி.

அன்று பெரிய பெட்டிக்குள் இருந்த வித்தை இன்று உள்ளங்கைக்குள் வந்துவிட்டது. கடுகை விடச் சிறிய சில்லு லேசர் ஒளியை உமிழ்கிறது. சில செல்போன்களிலேயே தூரம் அளக்கும் லேசர் இருக்கிறது. முன்னே போகும் வண்டியைக் கண்டு டிரைவரை எச்சரிக்கும் கருவிகளும் வந்துவிட்டன. அவற்றில் சில ரேடாரையும் காமிராவையும், சில லேசரையும் நம்பி வேலை செய்கின்றன.

குறையும் உண்டு. மூடுபனியிலும் பெருமழையிலும் ஒளி சிதறும். அப்போது அளவு தடுமாறும். ஆகவே, கருவி ஒன்றையே நம்பியிருக்க முடியாது.

அபராதமா, எச்சரிக்கையா?

வேகமானியைக் கண்டாலே டிரைவர்களுக்கு அபராத நினைவுதான் வருகிறது. ஆனால், சட்டத்தின் நோக்கம் அது மட்டுமல்ல. 2021 ஆகஸ்டில் மத்திய அரசு வெளியிட்ட விதிப்படி, கண்காணிக்கும் இடத்துக்கு முன்னாலேயே எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். கருவி சரியாக வேலை செய்கிறது என்பதற்கு ஆண்டுதோறும் சான்று பெற வேண்டும். முதலில் எச்சரிக்கை, பிறகே தண்டனை!

தொப்பூருக்குப் பொருத்தமான வழியும் அதுவே. இறக்கத்தின் அடிவாரத்தில் நின்று வேகத்தை அளந்தால் சீட்டுக் கிழிக்கலாம். உயிரைக் காக்க முடியாது. மேலே, இறக்கம் தொடங்கும் முன்பே அளக்க வேண்டும். அந்த வேகத்தைப் பெரிய எழுத்தில் பலகையில் காட்ட வேண்டும். மீறி வரும் பார லாரியை அங்கேயே ஓரங்கட்டி, பிரேக்கைப் பார்த்து, குறைந்த கியரில் இறங்கச் சொல்ல வேண்டும். சில நிமிடத் தாமதத்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

லாரி அதிபர்களுக்கும் பொறுப்பு உண்டு. டீசல் மிச்சத்துக்குப் பாராட்டும், தாமதத்துக்குத் திட்டும் கொடுத்தால், டிரைவர் நியூட்ரலைத்தான் தேடுவார். இரண்டு இரவு தூங்காதவரிடம் சாவியைக் கொடுக்கலாமா?

ஒளி தூரத்தை அளக்கும், வேகத்தைச் சொல்லும். பிரேக்கை மிதிப்பதோ மனிதனின் கால். அப்பா எப்போது வருவார் என்று வாசலில் காத்திருக்கும் பிள்ளைகள், லாரிக்காரர் வீட்டிலும் உண்டு. காரில் போகிறவர் வீட்டிலும் உண்டு. அதை மறவாமல் கியரைப் போட்டால், தொப்பூர் இறக்கம் எல்லாரையும் வீடு கொண்டு சேர்க்கும்.