முதுசொம்மும் நினைவுப்பொருளும்

கிழக்கு ஐரோப்பிய யூதரின் வழித்தோன்றல்களாய் அமெரிக்காவிலும் பிற நாடுகளிலும் வாழும் இளந்தலைமுறையினர் சிலர், தம் பாட்டன் பாட்டியர் பேசிய யிடிஷ் மொழியை வகுப்பறைகளிற் கற்க முற்பட்டுள்ளனர். இதனை வீண்முயற்சி என்போர் யூதரிடையேயே உளர். இறந்த மொழியைக் கற்பதாற் பயன் யாது? மரபை அறிய எபிரேயம் போதாதா? வேண்டிய நூல்கள் ஆங்கிலத்திற் கிடைக்கின்றனவே? இம்மூன்று வினாக்களும் நியாயமானவை போலத் தோன்றினும், ஆராயுமிடத்து அவற்றுள் ஒன்றேனும் நிலைநிற்பதன்று.

முதலாவதாக, யிடிஷ் இறந்த மொழியன்று. நியூயோர்க்கின் புறூக்ளினிலும் அன்ற்வேர்ப்பிலும் எருசலேமிலும் ஹசிதிய சமூகத்தவர் பலர் இன்றும் அதனை வீட்டிலும் வீதியிலும் பேசுகின்றனர். இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் பேசிய மொழி இன்று சுருங்கியுள்ளமை உண்மையே. ஆயின் அச்சுருக்கம் முதுமையால் நேர்ந்ததன்று. நாசிகளாற் கொல்லப்பட்ட ஏறத்தாழ 60 இலட்சம் யூதருட் பெரும்பாலோர் யிடிஷ் பேசியவர்கள். 1952 ஆகஸ்ட் 12ஆம் நாளிரவு மொஸ்கோவிற் கொல்லப்பட்ட 13 பேருள் பெரெற்ஸ் மார்க்கிஷ், டேவிட் பெர்கெல்சன் முதலான யிடிஷ் எழுத்தாளரும் அடங்குவர். கொலையுண்டதைத் தானே மாண்டது என்பது வரலாற்றைத் திரிப்பதாகும்.

இரண்டாவதாக, எபிரேயம் வழிபாட்டுக்கும் சமயக் கல்விக்கும் உரிய மொழியாக இருந்தது. அக்கல்வி பெரும்பாலும் ஆடவர்க்கே வாய்த்தது. பெண்டிர் தம் மன்றாட்டுகளைப் படித்ததும், மக்களுக்குக் கதை கூறியதும், கணக்கெழுதியதும் யிடிஷிலேயாம். கணவனை இழந்த துயரிடையே 1691இல் கிளிக்கெல் என்னும் வணிகப் பெண் தன் பிள்ளைகளுக்கென எழுதத் தொடங்கிய வாழ்க்கைக் குறிப்பும் அம்மொழியிலேயே அமைந்தது. இம்மொழியைக் கொச்சை என இகழ்ந்தோர் அயலார் மட்டுமல்லர். அறிவொளி பெற்றோராகத் தம்மைக் கருதிய யூதருமாவர். 1908இல் செர்னோவிற்ஸ் நகரிற் கூடிய மாநாடு, நீண்ட வாதத்தின் பின் யிடிஷை யூதரின் ‘ஒரு தேசிய மொழி’ என அறிவித்தமை அவ்விகழ்ச்சிக்கு அளிக்கப்பட்ட விடையே. எபிரேயம் போதும் என்போர் அப்பழைய இகழ்ச்சியைப் புதிய சொற்களில் மீளக் கூறுகின்றனர். யூதர் அனைவரின் மரபும் யிடிஷில் அடங்கிவிடாது. லடினோவும் யூத அரபும் பேசியோர் மரபுகள் வேறு. ஆயின் கிழக்கு ஐரோப்பிய யூதரின் அன்றாட வாழ்வை அறிய விழைவோர்க்கு வேறு வாயில் இல்லை.

மூன்றாவது வாதம் மிகவும் பலவீனமானது. ஐசாக் பஷெவிஸ் சிங்கர் 1978இல் நோபல் பரிசு பெற்றார். அவரை ஆங்கிலத்தில் வாசித்தோர் பலர். ஆனால் அவர் ஒருவரே. 1980இல் ஆரன் லான்ஸ்கி தொடங்கிய யிடிஷ் நூல் நிலையம் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட புத்தகங்களை அழிவினின்று மீட்டுள்ளது. யிடிஷ் நூல்களில் மிகச் சிறு பகுதியே மொழிபெயர்க்கப்பட்டுள்ளது. வார்சோ கெற்றோவில் இமானுவேல் ரிங்கெல்புளூமும் அவர்தம் தோழரும் திரட்டிய ஆவணங்கள் தகரப்பெட்டிகளிலும் பாற்கலன்களிலும் புதைக்கப்பட்டு, 1946இலும் 1950இலும் தோண்டியெடுக்கப்பட்டன. அவற்றிற் பெரும்பகுதி யிடிஷிலும் போலிஷிலும் எழுதப்பட்டது. சாவை எதிர்நோக்கியோர், பின்வருவோர் வாசிப்பர் என நம்பியே எழுதினர். மொழிபெயர்ப்புப் போதும் என்போர், மொழிபெயர்ப்பதற்கும் எவரேனும் அம்மொழியைக் கற்றிருத்தல் வேண்டும் என்பதை மறந்துவிடுகின்றனர்.

எனினும் கற்போரும் கண்டனத்துக்கு அப்பாற்பட்டவரல்லர். சில வசைச்சொற்கள், சில உணவுப் பெயர்கள், ஒரு தாலாட்டு ஆகியவற்றோடு நிறைவடைவோர் அவருட் பலர். உரோம எழுத்திலேயே பயின்று அமைவோரும் உளர். யிடிஷ் ஜேர்மானிய அடித்தளத்தில் எபிரேய, அரமேய, சிலாவியச் சொற்கள் கலந்து வளர்ந்த மொழி. வலமிருந்து இடமாக எபிரேய எழுத்தில் எழுதப்படுவது. அவ்வெழுத்தை அறியாதவர், பாட்டியின் பாடலைப் பாடலாம். பெட்டியிற் கிடக்கும் அவரது கடிதத்தை வாசித்தல் இயலாது. கருவிகள் இல்லை என்ற சாட்டும் பொருந்தாது. ஊரியேல் வைன்றைக்கின் பாடநூல் 1949இலேயே வெளிவந்துவிட்டது. இன்று ஆயிரக்கணக்கான நூல்கள் கணினியில் இலவசமாகவே கிடைக்கின்றன.

கண்ணாடிப் பேழையுள் வைத்து அழகு பார்ப்பது நினைவுப்பொருள். முதுசொம் அத்தகையதன்று, உரிமை கோருபவன் அதன் எல்லையையும் வில்லங்கத்தையும் அறிந்து பொறுப்பேற்றல் வேண்டும். யிடிஷை விரும்பும் இளைஞர் முதலில் அதன் எழுத்தைக் கற்கட்டும். பின்னர் அம்மக்களின் பக்தியையும் பூசலையும் புரட்சியையும் வறுமையையும் அவர்தம் சொற்களிலேயே வாசிக்கட்டும். அதுகாறும் அவர்கள் மரபின் விருந்தினரேயன்றி உரித்தாளர் ஆகார்.