கரையோரத்தில் நான்கு நாட்கள்

மதுரங்குளியில் வாழும் நமக்குக் கடல் புதியதன்று. மேற்கே புத்தளம் களப்பு. அதற்கப்பால் கற்பிட்டிக் குடாநாடு. அதற்கும் அப்பால் பெருங்கடல். ஆகவே, அவுஸ்திரேலியாவில் மகனிடம் மூன்று மாதம் தங்கித் திரும்பிய என் அயலவர், “அங்கே எனக்குப் பிடித்தது கடற்கரைதான்” என்று கூறியபோது நான் வியப்புற்றேன். கடல் பார்க்கவா ஐயாயிரம் மைலுக்கு மேல் பறந்து செல்ல வேண்டும்?

மகன் மெல்பேணுக்குச் சென்று பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. பெற்றோரை அழைத்தது இதுவே முதன்முறை. மார்கழியும் தையும் அங்கே கோடை காலம். காண வேண்டிய இடங்களையெல்லாம் அவன் முன்னரே குறித்து வைத்திருந்தான். முதலாம் உலகப் போரிலிருந்து மீண்ட வீரர்கள் 1919 முதல் 1932 வரை அமைத்த 243 கிலோமீற்றர் நீளமான கடலோரப் பெருவீதி; அவ்வீதியருகே ‘பன்னிரண்டு அப்போஸ்தலர்’ எனப் பெயர் பெற்ற சுண்ணாம்புக்கல் தூண்கள். அலை அரித்து அரித்து, அவற்றுள் ஒன்று 2005 இல் சரிந்து வீழ்ந்ததாம். முதியவர் அவற்றைக் கண்டது உண்மை. ஆயினும், நாள் முழுவதும் காரில் மடக்கி வைத்திருந்த முழங்காலின் வலியே அவர் நினைவில் எஞ்சியது.

பின்னர், மகன் கடற்கரையில் சிறு வீடொன்றை நான்கு நாட்களுக்கு வாடகைக்கு எடுத்தான். அங்கே வேலையுமில்லை, பயணத் திட்டமுமில்லை. தாய் வீட்டிலிருந்து கொண்டு சென்ற மிளகாய்த்தூளில் மீன்குழம்பு வைத்தார். தமிழ் அதிகம் பேசாத பேரனுக்குப் பாட்டனார் அலை, நுரை, சிப்பி, நண்டு எனக் காட்டிக் காட்டிப் பெயர் சொல்லிக் கொடுத்தார். சிவப்பும் மஞ்சளுமான இரு கொடிகளுக்கு இடையிலேதான் குளிக்கலாம் என்று பேரன் பாட்டனாருக்குச் சொல்லிக் கொடுத்தான்.

மூன்றாம் நாள் மாலை, மணலில் அமர்ந்திருந்த முதியவர் எழ முயன்று முடியாமற் போயிற்று. மகன் கை கொடுத்துத் தூக்கினான்.

“அப்பா, இந்த வலி எவ்வளவு காலமாக?”

“நாலு வருஷம் இருக்கும், தம்பி.”

“தொலைபேசியில் ஒருநாளும் சொல்லவில்லையே!”

“சொன்னால் நீ என்ன செய்வாய்? அங்கே கிடந்து கவலைப்படுவாய்.”

தாயும் அன்றுதான் தம் வலக்கண்ணில் புகை படர்ந்திருப்பதைக் கூறினார். பதினொரு ஆண்டுகளாக வாரந்தோறும் “சுகமாயிருக்கிறோம்” என்று சொல்லி வந்த இருவரும், அலையைப் பார்த்தபடி ஒரு மாலைப்பொழுதில் உண்மையைச் சொல்லி முடித்தார்கள்.

நெய்தல் நிலத்துக்கு இரங்கலை உரிப்பொருளாக வகுத்தனர் நம் முன்னோர். பொருள்வயிற் பிரிந்தவனை எண்ணி இரங்கியவள் அன்று தலைவி, இன்று பெற்றோர். கடல் கடந்து வாழும் பிள்ளைகளுக்கு ஒன்று கூற விரும்புகிறேன். பெற்றோரை அழைக்கும்போது மருத்துவக் காப்புறுதி எடுங்கள். மாத்திரைகளையும் மருத்துவர் குறிப்பையும் மறவாது எடுத்துவரச் சொல்லுங்கள். ஊர் சுற்றிக் காட்டுவதும் நன்றே. ஆனால், ஒன்றும் செய்யாதிருக்கும் சில நாட்களையும் ஒதுக்கி வையுங்கள். நாற்பது ஆண்டு பிள்ளைகளுக்கு நோவை மறைத்துப் பழகியவர்கள் அவசரத்தில் வாய் திறவார். பக்கத்தில் அமர்ந்திருக்க நேரமுள்ள பிள்ளையிடமே பேசுவர்.

சென்ற மாதம் அத்தாயாருக்குக் கண் சத்திரசிகிச்சை நடந்தேறியது. இப்பொழுதும் ஞாயிறுதோறும் மகன் பேசுகிறான். “சுகமாயிருக்கிறோம்” என்றால் விடுவதில்லையாம். “முழங்கால் எப்படி?” என்று பெயர் சொல்லிக் கேட்கிறானாம். முதியவர் அதனை ஒரு முறைப்பாடு போலவே என்னிடம் கூறினார், முகத்திலோ மலர்ச்சி.